சின்ன வகுப்பு ஆங்கிலம்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுப்பவர்களும், மாலையில் பிள்ளையோடு பாயில் உட்காரும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. நான் ஈராசிரியர் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். அதனால் விடைகளில் ஏட்டறிவைவிடச் சாக்பீஸ் தூளே கூடுதலாக இருக்கும்.

ஒரு இடைஞ்சலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. நம் வகுப்பறையின் பாதிச் சிக்கலே இதுதான் என்பதால் அதை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஏ, பி, சி, டியிலிருந்து தொடங்குவதுதானே முறை?

நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் தொடங்கினேன். 26 எழுத்தையும் ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையிடம் பூனைக்கு உரிய மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினால், 'சி, ஏ, டி' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். சியும் ஏயும் டியும் சேர்ந்தால் 'சியேட்டி' வரலாம். 'கேட்' எங்கிருந்து வரும்?

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. எழுத்தை எப்படிச் சொல்கிறோமோ ஏறக்குறைய அப்படியே அது சொல்லுக்குள்ளும் ஒலிக்கிறது. ம, ர, ம் மூன்றும் தெரிந்த குழந்தை 'மரம்' என்று படித்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 44 ஒலிகள். எழுத்தின் பெயர் ஒன்று, சொல்லுக்குள் அது தரும் ஒலி வேறு. படிக்க வேண்டியிருப்பது ஒலி. பெயர் பின்னால் வரட்டும்; எழுத்துக்கூட்டிச் சொல்லவும் அகராதி புரட்டவும் அது தேவைப்படும்.

எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற 6 எழுத்துகளின் ஒலியிலிருந்து நான் தொடங்குவேன் (டீயின் டி, பேனாவின் பி). பிரிட்டனில் உருவான ஒலிவழி வாசிப்புத் திட்டங்கள் பலவும் இவற்றையே முதலில் எடுக்கின்றன. ஆறே ஒலிகளில் பின், டின், டிப், பேன், நேப், ஆன்ட் என்று சொற்கள் வந்துவிடுகின்றன. அதில் பின்னும் டின்னும் வீட்டிலேயே புழங்குபவை. இரண்டு மூன்று வாரத்தில் 'நான் படித்துவிட்டேன்' என்ற உணர்வு பிள்ளைக்குக் கிடைக்கும். ஏயிலிருந்து இசட் வரை போய்விட்டு அதற்குப் பிறகு சொல் என்றால், அந்த உணர்வு வர அரையாண்டுத் தேர்வு ஆகிவிடும்.

ஒரு கவனம் வேண்டும். மெய்யெழுத்துகளை 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் போட்டுச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அதையே இங்கும் செய்தால் 'இப்-இ-இன்' ஆகிவிடும். பின்னால் அகரம் சேர்த்து 'ப' என்றாலும் கெட்டது. உதட்டைச் சேர்த்துத் திறக்கும் ஓசை மட்டுமே வேண்டும். 'புள்ளி வைத்த ப் மாதிரி' என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரியும்.

கடையில் விற்கும் எழுத்துச் சார்ட்டை வாங்கி மாட்டலாமா?

வாங்கலாம், கையில் கத்தரிக்கோலோடு. அந்தச் சார்ட்டுகளில் பாதிப் படங்கள் எழுத்தின் ஒலியைக் காட்டுவதே இல்லை. ஐ என்ற எழுத்துக்கு ஐஸ்கிரீம் போட்டிருப்பார்கள். அது எழுத்தின் பெயரைச் சொல்கிறது. பின், டின் ஆகியவற்றில் வரும் இகரத்தைச் சொல்லவில்லை. அங்கே இன்க் பாட்டில் ஒன்றை வரைந்து ஒட்டுங்கள். ஓ என்ற எழுத்துக்கு ஆந்தை இருக்கும். 'அவுல்' என்ற சொல்லில் ஓ தனியாக ஒலிப்பதே இல்லை, அடுத்த எழுத்தோடு சேர்ந்துதான் ஒலிக்கிறது. நம் ஊருக்கு ஏற்ற விலங்கு ஆக்ஸ், காளை மாடு. எஸ்ஸுக்கு ஷூ, ஜிக்கு ஜிராஃப் இரண்டையும் எடுத்துவிட்டு சன், கோட் (ஆடு) வைக்கலாம்.

எல்லாவற்றிலும் மோசம் எக்ஸ். சைலஃபோன் என்ற வாத்தியத்தை எந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது? பார்த்திருந்தாலும் சொல்லின் தொடக்கத்தில் எக்ஸின் வழக்கமான ஒலி இல்லை. அந்த ஒலி 'பாக்ஸ்', 'ஃபாக்ஸ்' என்று சொல்லின் முடிவில்தான் கிடைக்கும். முடிவில் வருகிறது என்று சொல்லியே காட்டலாம்.

ஆப்பிள் ஒலியளவில் சரியான படம்தான். ஆனால் தமிழில் நாம் அதை 'ஆ' என்றே நீட்டுகிறோம். ஆங்கில ஒலி 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில், வாயை அகட்டிச் சொல்வது. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கத்தச் சொன்னால் வகுப்பே சரியாகச் சொல்லும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒலி வராத பிள்ளைக்கு வாணலியும் எழுதுகோலும் ஒரே 'பென்' ஆகிவிடும். யானைப் படத்துக்கு 'யெலிபண்ட்' என்று நாமே சொல்லாமலும் இருக்க வேண்டும். 'எ'வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் யகரம் ஒட்டுவது பேச்சுத் தமிழின் வழக்கம்.

'பிக்', 'பிக்' குழப்பத்தை எப்படித் தீர்ப்பது?

ஒலி வராமலா இருக்கிறது? வருகிறது, பிள்ளைக்கு அது தனி எழுத்தாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'பம்பரம்' என்று சொல்லுங்கள். முதல் பகரம் பேனாவின் ஒலி, மகர ஒற்றுக்குப் பின் வருவது பந்தின் ஒலி, அதாவது 'பால்' என்பதன் முதல் ஒலி. 'கங்கணம்' என்றால் முதல் ககரம் 'கேட்'டில் வருவது, இரண்டாவது 'கோட்' என்ற ஆட்டில் வருவது. பாட்டியும் பாண்டியும் அதே கதை: ஒன்றில் டீயின் டி, மற்றதில் நாயின் ('டாக்') டி. சகரத்துக்குள் மூன்று ஒலி ஒளிந்திருக்கிறது: சங்கு, பச்சை, பஞ்சு. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வேறு எழுத்தமைப்பு.

தொண்டையில் விரலை வைத்துப் 'பம்பரம்' சொல்ல வைத்தால் இரண்டாவது பகரத்தில் அதிர்வு தொடர்வதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். இன்னொன்று, மெல்லிய காகிதக் கீற்றை உதட்டுக்கு முன்னால் பிடிப்பது. 'பென்' என்ற பேனாவை ஆங்கிலத்தில் சொல்லும்போது காற்று வெடித்துக் காகிதம் ஆடும்; 'பால்' என்ற பந்துக்கு ஆடாது. காகிதம் ஆட வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் ஐம்பது முறை சொல்வார்கள்.

'இஸ்கூல்', 'பஸ்ஸு' என்கிறார்களே, அலட்சியமா?

இல்லை. தமிழ் இலக்கணத்தை மீறாமல் இருக்கிறார்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே ஸ்கூலுக்கு முன்னால் இகரம் வந்து உட்காருகிறது. வல்லின மெய்யில் முடியவும் செய்யாது. ஆகவே கப் 'கப்பு' ஆகிறது, பக்கெட் 'பக்கெட்டு' ஆகிறது. குற்றியலுகரம் படித்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

முன்னால் வரும் இகரத்துக்குப் பாம்பு விளையாட்டு: 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறிக்கொண்டே வந்து 'கூல்' என்று நிற்கும். பின்னால் வரும் உகரத்துக்குச் சிலை விளையாட்டு: 'கப்' என்று உதட்டை மூடியதும் அப்படியே உறைந்துவிட வேண்டும். மூன்று எண்ணிய பிறகுதான் வாய் திறக்கலாம்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா?

பேசலாம். பேச வேண்டும். தாய்மொழி வழியாகத் தொடங்குவதே குழந்தைக்கு நல்லது என்று யுனெஸ்கோ 1953லேயே சொல்லிவிட்டது. தமிழை அறவே தடுத்த வகுப்பில் ஆசிரியர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக்கொண்டே போனால் பிள்ளை தமிழ் வருவதற்காகக் காத்திருக்கும். ஆங்கிலம் காதில் விழவே விழாது. புதிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லி, ஒருமுறை தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லி, உடனே மறுபடி ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள். மறுநாள் தமிழ் வேண்டாம், சைகை போதும்.

பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. என்ன செய்ய?

திறக்க வேண்டாம், கொஞ்ச நாள் கேட்கட்டும். தாய்மொழியிலும் குழந்தை மாதக்கணக்கில் கேட்ட பிறகுதான் 'அம்மா' என்றது.

கேட்கும் காலத்தில் உடம்பு பேசட்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் முன்வைத்த முறை இது: ஆசிரியர் கட்டளையைச் சொல்லிச் செய்தும் காட்டுவார், பிள்ளைகள் செய்வார்கள், பதில் பேச வேண்டியதில்லை. 'ஸ்டாண்ட் அப்', 'டச் யுவர் நோஸ்', 'வாக் லைக் எ டக்' என்று தொடங்கி, 'கதவைத் தொட்டுவிட்டு வந்து உன் நண்பனின் தலையில் புத்தகத்தை வை' என்பது வரை போகலாம். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டு வாரத்தில் பிள்ளைகளே கட்டளை போட ஆசைப்படுவார்கள், குறிப்பாக ஆசிரியருக்கு. வாத்து நடை நடந்து காட்டத் தயாராக இருங்கள்.

அடுத்தது பொம்மை. பழைய சாக்ஸ் ஒன்றில் இரண்டு பட்டன் தைத்துக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பொம்மைக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டுமே விதி. என் வகுப்பில் ஐந்து மாதம் வாயைத் திறக்காத ஒரு பெண் குழந்தை, ஒருநாள் மதிய உணவு நேரத்தில் மேசை மேல் கிடந்த பொம்மைக்கு அருகில் போய்த் தன் பாட்டிலை நீட்டி, 'வாட்டர்?' என்றாள். நான் கவனிக்காததுபோல் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு வேண்டும். ஆனால் பொருள் வாங்கப் பணம் இல்லை.

விளையாட்டுகளைத் தேடி எங்கும் போக வேண்டாம். பாண்டிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போடுங்கள். நொண்டியடித்து நிற்கும் கட்டத்தின் ஒலியில் தொடங்கும் சொல்லைச் சொன்னால்தான் அடுத்த கட்டம். கண்ணாமூச்சியில் ஒளிவது ஒரு பொருளாக இருக்கட்டும், தேடும் பிள்ளை 'அண்டர் த டேபிள்?', 'பிஹைண்ட் த டோர்?' என்று கேட்டுக்கொண்டே தேடும். முன்னிடைச் சொற்களை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பாடம் எனக்குத் தெரியாது. தமிழில் 'மேசைக்கு அடியில்' என்று பெயருக்குப் பின்னால் வருவது ஆங்கிலத்தில் முன்னால் போய்விடுகிறது என்று விளக்கத் தேவையே இல்லாமல் நாக்கில் ஏறிவிடும்.

மஞ்சள் பை ஒன்று எல்லாருடைய வீட்டிலும் இருக்கும். அதற்குள் கரண்டி, சாவி, வெங்காயம், சீப்பு, பம்பரம் போட்டுக் கையை விட்டுத் தடவிச் சொல்லச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் பெயர் சொன்னால் போதும். மூன்றாம் வகுப்பு என்றால் 'இட் இஸ் ஹார்ட்', 'இட் இஸ் ரவுண்ட்' என்று துப்புக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதே பொருள்களைத் தட்டில் பரப்பி, அரை நிமிடம் காட்டித் துண்டால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு 'வாட் இஸ் மிஸ்ஸிங்?' என்றும் ஆடலாம்.

உண்மையான சுரங்கம் குப்பைக்கூடையில் இருக்கிறது. பிஸ்கட் உறை, தீப்பெட்டி, டீத்தூள் பாக்கெட், சோப்பு அட்டை. படிக்கத் தெரியாத பிள்ளைகூட தனக்குப் பிடித்த பிஸ்கட்டின் பெயரை உறையைப் பார்த்துச் சொல்லும். அதுவே அதன் முதல் வாசிப்பு. உறைகளைச் சுவரில் ஒட்டுங்கள், 'எஸ் எங்கெல்லாம் இருக்கிறது?' என்று வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் தெருவுக்குப் போங்கள். நம் ஊர்க் கடைப் பலகைகளில் பெரும்பாலும் மேலே தமிழ், கீழே ஆங்கிலம். டீ ஸ்டால், மெடிக்கல்ஸ், டெய்லர் என்று தமிழில் படித்துவிட்டுக் கீழே உள்ள ஆங்கிலத்தில் அதே ஒலிகளைத் தேடலாம். இருமொழிப் பாடநூலே தெருவில் மாட்டியிருக்கிறது.

ஒரே அறையில் மூன்று வகுப்பு. யாரைக் கவனிப்பது?

நான் ஒரே கதையை எல்லாருக்கும் சொல்வேன். கதை முடிந்ததும் ஒன்றாம் வகுப்பு படம் வரைந்து பெயர் சொல்லும். இரண்டாம் வகுப்பு அந்தப் படத்துக்குள் பெயர் எழுதும். மூன்றாம் வகுப்பு அதைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும். பெரிய பிள்ளைக்கு இது கௌரவம், சின்னப் பிள்ளைக்கு ஆசிரியரைவிடப் பொறுமையான ஒருவர் கிடைத்தார்.

உங்கள் பள்ளியில் சுவரின் கீழ்ப்பகுதியில் தாழ்வான கரும்பலகை இருக்கிறதா பாருங்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுதும் வந்த செயல்வழிக் கற்றல் காலத்துச் சொத்து அது. பல இடங்களில் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தால் விடாதீர்கள். பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு அடி அகலம் கரும்பலகை கிடைப்பது சாதாரண வாய்ப்பல்ல.

எண்ணும் எழுத்தும் கட்டகம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையால் பிரித்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று நடிக்க வேண்டியதில்லை. பாட்டு, பொம்மலாட்டம், கதை எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.

பக்கங்களை நிரப்பி முடிக்கும் அவசரம்தான் கெடுக்கிறது. பயிற்சி நூலில் எல்லாக் கோடும் நிரம்பியிருக்கும், பிள்ளைக்கு வாய் வராது. நான் சொல்லும் விளையாட்டுகளைக் கட்டகத்தின் பக்கத்துக்கு முன்னால் வையுங்கள். சொல்லிப் பழகிய சொல்லைப் பக்கத்தில் பார்த்தால் பிள்ளை தானே நிரப்பும்.

இணையத்தில் எதை நம்பி எடுக்கலாம்?

முதலில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். படக்கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். திறந்த உரிமம் என்பதால் இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம், மாற்றி எழுதவும் செய்யலாம். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. என் வழி: திங்கட்கிழமை தமிழில் வாசிப்பேன். செவ்வாய்க்கிழமை அதே படங்களோடு ஆங்கிலத்தில். கதை முன்பே தெரிந்திருப்பதால் பிள்ளையின் கவனம் முழுவதும் சொற்கள் மீதே இருக்கும். முதல் நிலைக் கதைகளைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து மடித்துத் தைத்துக் கொடுத்தால் பிள்ளைகளே வண்ணம் தீட்டிவிடுவார்கள்.

பிரிட்டிஷ் கவுன்சிலின் சிறுவர் தளமான லேர்ன் இங்கிலீஷ் கிட்ஸில் பாடல், சிறுகதை, அச்செடுக்கும் தாள்கள் எல்லாம் இலவசம். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு உண்டு. செல்போனைக் காட்டினால் தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும்.

எச்சரிக்கை ஒன்று. இறக்குமதித் தாள்களில் பனிமனிதனும் இலையுதிர் காலமும் நிறைந்து கிடக்கும். கத்தரிக்காய்க்கு 'எக்பிளாண்ட்' என்றும் வெண்டைக்காய்க்கு 'ஓக்ரா' என்றும் இருக்கும். நம் பிள்ளை சந்தையில் கேட்கப்போவது பிரிஞ்சாலும் லேடீஸ் ஃபிங்கரும்தான். இந்திய ஆங்கிலமும் ஆங்கிலமே. அதை முதலில் சொல்லிக்கொடுங்கள், மற்றதைப் பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

அச்சுப் புத்தகம் வாங்குவதென்றால்?

சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப்புத்தகங்களைப் போடுகிறது. படங்களில் நம் வீடு, நம் தெரு, நம் முகம் இருக்கும். விலை குறைவாக வேண்டுமென்றால் நேஷனல் புக் டிரஸ்ட், சில்ரன்ஸ் புக் டிரஸ்ட். இரண்டும் 1957இல் தொடங்கியவை. பின்னதைத் தொடங்கியவர் கார்ட்டூனிஸ்ட் சங்கர். புத்தகக் காட்சியில் இவர்களின் அரங்குகளுக்குப் போனால் பை நிறையும். வாங்கிய புத்தகத்தைப் பீரோவில் பூட்டாதீர்கள். சுவரோடு சுவராகக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழியும். கிழியட்டும்.

எப்போது எழுதத் தொடங்கலாம்?

விஜயதசமி அன்று அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். திண்ணைப் பள்ளிக் காலத்தில் மணலில் எழுதினார்கள். அந்த அறிவை ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் மறந்தோம்? தட்டில் மணல் அல்லது ரவை, அதில் விரல். பிறகு தரையில் சாக்பீஸ், பிறகு பலகை, கடைசியில்தான் நான்கு வரி நோட்டு. அதுவும் ஏற்கனவே வாயால் சொல்லத் தெரிந்த சொற்கள் மட்டும்.

பந்தின் பியையும் நாயின் டியையும் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை மிக இயல்பு. இரண்டு கையையும் மடக்கிக் கட்டைவிரல்களை மேலே நீட்டி, முட்டிகளைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இடக்கை பி, வலக்கை டி, மொத்தமாகப் பார்த்தால் ஒரு கட்டில். 'பெட்' என்ற சொல்லே கட்டில் மாதிரித்தான் இருக்கிறது. தேர்வில் பிள்ளைகள் மேசைக்கடியில் முட்டியை வைத்துப் பார்ப்பதை நான் கண்டுகொண்டதில்லை.

ஒரே சொல்லை 50 முறை எழுதச் சொல்லலாமா?

வேண்டாம். பத்தாவது முறையிலிருந்து கை எழுதும், தலை வேறெங்கோ இருக்கும். தவறாக எழுதத் தொடங்கியிருந்தால் தவறு 50 முறை பதியும்.

ஒலியைச் சேர்த்துப் படிக்க முடியாத சொற்கள் இருக்கின்றனவே?

'த', 'வாஸ்', 'செட்' போன்றவற்றை எழுத்துக்கூட்டினால் கிடைக்காது. முழுப் படமாகப் பார்த்துப் பழக வேண்டும். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1930களில் குழந்தைப் புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியலிட்டார். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து போதும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி மின்னட்டை (ஃப்ளாஷ் கார்ட்) செய்துகொள்ளலாம். வகுப்பு வாசலில் ஒன்றை மாட்டி, அதைச் சொன்னால்தான் உள்ளே வரலாம் என்று ஒரு விதி வைத்தேன். தலைமையாசிரியரும் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

தவறாகப் பேசினால் உடனே திருத்தலாமா?

'ஐ கோ ஊர் எஸ்டர்டே' என்று ஒரு பிள்ளை சொல்கிறது. அது ஒரு சேதியோடு வந்திருக்கிறது. 'கோ இல்லை, வென்ட்' என்றால் சேதி செத்தது. 'ஓ, யூ வென்ட் டு யுவர் வில்லேஜ்? ஹூ கேம் வித் யூ?' என்று கேளுங்கள். திருத்தமும் காதில் விழுந்தது, பேச்சும் நிற்கவில்லை. எழுத்தில் என்றால் ஒரு பக்கத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். சிவப்பு மையால் நிரம்பிய பக்கத்தை எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இலக்கணம்?

இந்த வயதில் பெயர் சொல்லாமல் சொல்லித்தரலாம். மூன்று பிள்ளைகள் அட்டையோடு வரிசையில் நிற்கட்டும்: நான், மாம்பழம், சாப்பிடுகிறேன். ஆங்கிலத்துக்கு மாற வேண்டுமென்றால் கடைசியில் நின்ற பிள்ளை நடுவுக்கு ஓடி வர வேண்டும். அட்டையைத் திருப்பினால் பின்னால் ஐ, ஈட், மேங்கோஸ். வினை நடுவுக்கு வருகிறது என்பதைப் பிள்ளைகள் காலால் கற்றுக்கொள்வார்கள்.

செல்போனில் ஆங்கிலப் பாட்டு போட்டுக் கொடுக்கிறேன். போதுமா?

போதாது. திரை பதில் கேட்டுக் காத்திருப்பதில்லை. ஒரே பாட்டை நீங்களும் கூட உட்கார்ந்து மூன்று முறை பாருங்கள். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. என் பிள்ளைக்கு நான் எப்படி உதவ?

தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தெரியாததுதான் உங்கள் பலம். 'இன்று என்ன படித்தாய்? எனக்கும் சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். பிள்ளை ஆசிரியராகும். நீங்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னால் துள்ளிக் குதித்துத் திருத்தும். கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள். தமிழில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கத் தெரியும், அந்த ஊகம் ஆங்கிலம் படிக்கும்போதும் கைகொடுக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசி வீட்டுப் பேச்சையே சுருக்கிக்கொள்ள வேண்டாம்.

நான் ஆசிரியர்தான், ஆனால் எனக்கே பேசத் தயக்கம்.

நம்மில் பலர் தமிழ் வழியில் படித்து, இலக்கணத்தை மனப்பாடம் செய்து வந்தவர்கள். சின்ன வகுப்புக்குத் தேவையான வகுப்பறை ஆங்கிலம் முப்பது நாற்பது வாக்கியங்களில் அடங்கிவிடும்: நோட்டை எடு, வட்டமாக நில்லுங்கள், யாருக்குத் தெரியும், மீண்டும் ஒருமுறை. அவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். உச்சரிப்பில் ஐயம் வந்தால் பிள்ளைகள் முன்னிலையிலேயே செல்போன் அகராதியில் ஒலியைத் தட்டிக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: 'டீச்சரும் படிக்கிறாங்கடா.'

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரம் என்ன செய்யலாம்?

அந்த வாரம் வருகை குறைவாக இருக்கும். பாடம் ஓட்டி முடியாது. திங்களன்று, 'உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸோடு நில்லுங்கள். முதலில் அமைதி. பிறகு ஒருவன் 'பஸ்' என்பான். அவ்வளவுதான்: பேட், பால், அவுட், ஃபேன், லைட், சுவிட்ச், சார்ஜர், பைக், டயர், பஞ்சர், டாக்டர், நர்ஸ், கேக். கரும்பலகை போதாது. யாராவது ஜன்னல், சாவி, அலமாரி என்பார்கள். அவை போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை என்று சொல்லித் தனியாக எழுதுங்கள். நம்மிடமிருந்து அங்கே போனவையும் உண்டு என்று கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றையும் ஆங்கிலேயர் வாயில் எப்படி மாறின என்று சொல்லிக்காட்டுங்கள். 'மல்லிகடானி' என்றால் வகுப்பு சிரித்து உருளும்.

செவ்வாயன்று பொம்மை அறிமுகம். புதனன்று பாம்பும் ஆட்டுக்குட்டியும், அதாவது எஸ், ஏ என்ற முதல் இரண்டு ஒலிகள். வியாழனன்று தெரு நடை. பலகைகளைப் பார்த்துக்கொண்டே டீக்கடை வரை போய்த் திரும்பினால் போதும். வெள்ளியன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிஸ்கட் உறைகளைச் சுவரில் ஒட்டுவது. நான்கு வரி நோட்டு அந்த வாரம் முழுதும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.